வடக்குக் கதவின் தாழ்ப்பாள்

என் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. கல்யாண மோதிரத்தை வலது கையில்தான் போட்டிருக்கிறேன். அந்த விரல்கள் போன கதையை நான் சொல்லக் கேட்டுவிட்டு, "போம்மா, பனியில உனக்கு மூளை உறைஞ்சு போச்சு" என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. கையுறையைக் கழற்றிக் காட்டுவேன். அதோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

நடந்தது 1984 ஜனவரி பதினேழு, செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல். மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்திலிருந்து மூன்று நாற்பது வரை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? அமெரிக்காவின் வடகோடியில், எங்கள் டகோட்டாவில் பனிப்புயல் பிடித்தால் பகலாவது இரவாவது. இரவு கறுப்பு, புயல் வெள்ளை. கண் தெரியாதது இரண்டிலும் ஒன்றுதான்.

என் பெயர் லவான். வாக்கப்பட்டது ஆஸ்ட்பி குடும்பத்தில். ஊரின் பெயரும் ஆஸ்ட்பிதான். நார்வேயிலிருந்து மாட்டு வண்டியும் ஒரு கலப்பையுமாக வந்து இந்த ஊரை உண்டாக்கினார் என்று சொல்லப்படும் டார்கர் ஆஸ்ட்பியின் பேரன்தான் என் மாமனார் செல்மர். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. கல்லில் நார் உரிக்கிற ஜாதி. பதினொரு வருடத்தில் என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது கிடையாது.

அந்த வருடம் எங்கள் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, நூறு வயது. கவுண்டியில் இருக்கிற பதினாலு சின்ன ஊர்களுக்கும் சேர்த்து ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுவதாக ஏற்பாடு. முதலில் வந்து குடியேறியவர்கள் யார், எந்த நிலம் யாருடையது, எந்தச் சர்ச் யார் கட்டியது, எல்லாம் அதில் வரும். கமிட்டித் தலைவர் செல்மர். நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தவள், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். அதனால் எழுதுவது நான், உத்தரவு அவர். முதல் பக்கத்தில் டார்கர் ஆஸ்ட்பியின் படம் என்பது புத்தகம் பேச்சில் இருந்தபோதே முடிவாகிவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு வசவு உண்டு. எவனாவது வேலையைப் பாதியில் போட்டுவிட்டு நழுவினால், "கீகன் வேலை பண்ணாதே" என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடச் சொல்லும். அந்தக் கீகன், எங்களுக்கு வடக்குப் பக்கத்து நிலத்தில் குடிசை போட்டிருந்த அயர்லாந்துக்காரி. டிலியா கீகன். கல்யாணம் ஆகாத தனிப்பெண். நூற்றறுபது ஏக்கர், ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து காட்டினால் நிலம் சொந்தம். அதுதான் அன்றைக்குச் சட்டம். நாலு வருடம் எட்டு மாதம் இருந்தவள், 1888ஆம் வருடத்து ஜனவரிப் புயலுக்குப் பயந்து ஓடிப்போனாள். டார்கர் பாவப்பட்டு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டார். இது ஆஸ்ட்பி வீட்டுக் கதை. டார்கர் தன் நிலத்தில் தோண்டிய மூன்று கிணற்றிலும் உப்புத் தண்ணீர். அவளுடையதில் நல்ல தண்ணீர். இதையும் ஆஸ்ட்பி வீட்டில் சொல்வார்கள், ஆனால் வேறொரு நாளில், வேறொரு பேச்சில் சொல்வார்கள்.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை கவுண்டி ஆபீசில் பழைய நிலப்பதிவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு கடிதம். மடித்து, மஞ்சள் பூத்துக் கிடந்தது. அங்கே குமாஸ்தாவாக இருக்கும் வில்மா என் சிநேகிதி. "எடுத்துட்டுப் போய் எழுதிட்டு வியாழக்கிழமை குடு" என்றாள். என்ன கடிதம் என்று அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

பாஸ்டனிலிருந்து பிரிஜிட் கீகன் என்பவள் நில அதிகாரிக்கு எழுதியது. 1888 ஏப்ரல். எனக்கு இன்றும் மனப்பாடம்.

"ஐயா, என் தங்கை டிலியாவிடமிருந்து ஜனவரிக்குப் பிறகு கடிதம் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் ஆஸ்ட்பி, தன் வீட்டுச் சுவரில் ஓர் இரும்பு வளையம் அடித்து, அதிலிருந்து அவள் குடிசை வரைக்கும் கயிறு கட்டிக் கொடுத்திருப்பதாகக் கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தாள். சரியாக இருநூறு காலடி. புயல் வந்தால், எரிக்க ஒன்றும் இல்லாவிட்டால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு அடுப்புக்கு வந்துவிடு என்று சொன்னாராம். அவள் ஓடிப்போகிறவள் இல்லை. தயவுசெய்து தேடிப் பாருங்கள். அவளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அவளுடைய"

அதோடு பக்கம் முடிந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தைக் காணோம்.

இரும்பு வளையம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டின் வடக்குப் பகுதி டார்கர் கட்டிய பழைய வீடுதான். அந்தக் கதவுக்குப் பக்கத்தில், வெளிச்சுவரில், துருப்பிடித்த வளையம் ஒன்று உண்டு. குதிரை கட்ட என்பார் செல்மர். அந்தப் பக்கம் குதிரை நின்று நான் பார்த்ததில்லை. வாசல்படியாகப் பெரிய பாறைக்கல் ஒன்று கிடக்கும். பதினொரு வருடமாக அதில்தான் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இது தெரியாவிட்டால் நான் செய்த முட்டாள்தனம் உங்களுக்குப் புரியாது. முதல் பனி விழுந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கதவிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குக் கயிறு கட்டிவிடுவார்கள். புயலில் கையை நீட்டினால் விரல் தெரியாது. முற்றத்திலேயே வழி தப்பிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாடு விற்பதில் பொய் சொல்வான், சர்ச்சில் பொய் சொல்வான், பெண்டாட்டியிடம் பொய் சொல்வான். கயிறு விஷயத்தில் மட்டும் எவனும் பொய் சொல்ல மாட்டான். ஜென்மப் பகை இருந்தாலும் சரி.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று ஐம்பது. என் புருஷன் ஆரின் மாடுகளுக்குத் தீனி வைக்கக் கொட்டகைக்குப் போய்விட்டான். சமையலறையில் செல்மரும் நானும் மட்டும்.

"மாமா, முதல் பக்கத்துல டிலியா கீகன் பேரும் வரணும்."

"எவ? ஓடிப்போனவளா?"

"ஓடிப்போனாங்கன்னு யாரு பாத்தா?"

"எங்க தாத்தா பாத்தாரு."

"அவரு சொன்னாரு. பாத்தாரான்னு கேக்கறேன்."

கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். எழுந்தார். அடுப்பு மூடியைத் தூக்கினார். கடிதத்தை உள்ளே போட்டார். காபி ஆறாமல் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல, அவ்வளவு சாதாரணமாக.

"அது கவுண்டி ஆபீஸ் காகிதம் மாமா."

"இருந்துச்சு. வேற யாரு படிச்சா?"

"யாரும் இல்ல. வில்மாகூடப் படிக்கல."

கோபத்தில் உளறிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நாக்கில் சனி.

"அப்ப உன் வாய் ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

இரண்டு இருபதுக்குப் புயல் அடித்தது. வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வராது அது. வடமேற்கில் ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது, தெரிந்த கையோடு ஜன்னலில் மோதியது. கொட்டகை மறைந்தது. வேலி மறைந்தது. இரண்டு முப்பத்தொன்றுக்கு மின்சாரம் போனது. சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. இதற்குப் பிறகு நான் சொல்லும் நேரமெல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்தது.

கொட்டகையில் பழைய கலப்பைக் கொழு ஒன்று தொங்கும். புயலில் அங்கே மாட்டிக்கொண்டவன் அரை மணிக்கு ஒரு தடவை அதில் மூன்று அடி அடிக்க வேண்டும். நலமாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டரைக்கு டங்... டங்... டங்... கேட்டது.

மூன்று மணிக்குக் கேட்கவில்லை.

மூன்று ஐந்து. ஒன்றும் இல்லை. ஆரினுக்கு இதயத்தில் கோளாறு, மாத்திரை சாப்பிடுகிறவன். செல்மர் ஜன்னலோரம் நின்றுகொண்டு தலையைச் சாய்த்தார்.

"அவன் கூப்பிடறான்" என்றார்.

"எனக்குக் கேக்கலையே."

"உனக்கு எது கேட்டுச்சு? தெற்குக் கதவு பனியில அடைச்சுக்கிச்சு. திறக்காது. வடக்குக் கதவு வழியாப் போ. கயிறு இருக்கு."

"வடக்குல எப்பவும் கயிறு கட்டறதில்லையே."

"காலைல கட்டினேன். வளையத்துலேருந்து வீட்டச் சுத்திக் கொட்டகைக்குப் போவுது."

அந்த மனுஷன் சற்றுமுன் செய்த காரியத்தைப் பார்த்தவள் நான். அவரை மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை. ஆனாலும் நம்பினேன். ஏனென்றால் அது கயிறு.

கோட், கம்பளித் தொப்பி, கையுறை. கதவைத் திறந்து கல்லில் கால் வைத்தேன். மணி மூன்று பன்னிரண்டு.

பின்னால் கதவு மூடியது.

அப்புறம் ஓர் ஓசை.

டக்.

தாழ்ப்பாள்.

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காற்றில் தானாக விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அந்தத் தாழ்ப்பாள் தானாக விழாது. இரும்பு. இழுத்துத்தான் போட வேண்டும். தட்டினேன். கத்தினேன். "மாமா... மாமா..." புயல் என் குரலை வாயிலேயே பிடுங்கிக்கொண்டது. உள்ளே ஓர் அரவமும் இல்லை.

அப்போதும் என் புத்தி எப்படி வேலை செய்தது பாருங்கள். கதவு போனால் போகட்டும், கயிறு இருக்கிறது, ஆரினிடம் போய்விடலாம்.

வளையத்தைத் தேடிக் கையை நீட்டினேன்.

கயிறு இருந்தது.

இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. பிடித்துக்கொண்டு நடந்தேன். வீட்டிலிருந்து கொட்டகைக்கு அறுபத்திரண்டு காலடி. வீட்டைச் சுற்றிப் போவதால் ஒரு இருபது கூட. எண்ண ஆரம்பித்தேன்.

பத்து... பதினைந்து...

கயிறு சொரசொரப்பாக இருந்தது. எங்கள் கயிறு நைலான். வழவழப்பு. இது நார்க்கயிறு. கையுறையில் முள்ளாகக் குத்தியது.

இருபது... இருபத்தைந்து...

காற்று முகத்தில் அடித்தது. நேராக முகத்தில். கொட்டகை தெற்கே. காற்று வருவது வடக்கிலிருந்து. முதுகில் அல்லவா அடிக்க வேண்டும்?

நான் வடக்கே போய்க்கொண்டிருந்தேன்.

வடக்கே ஒன்றும் கிடையாது. பதினேழு மைல் வெறும் நிலம். திரும்பிப் போகலாம் என்று பின்னால் கையை வீசினேன்.

பின்னால் கயிறு இல்லை.

வீசி வீசிப் பார்த்தேன். குனிந்து பனியில் துழாவினேன். இல்லை. என் கையில் தொடங்கி முன்னால் மட்டும் போனது. இறுக்கமாக.

விட்டால் செத்தேன். பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அறுபது... அறுபத்தொன்று... அறுபத்திரண்டு...

எழுபது தாண்டியபோது, என் எண்ணிக்கை எனக்கே எதிரொலியாகக் கேட்டது. சரி, பயத்தில் வாய்விட்டு எண்ணுகிறேன் போலிருக்கிறது என்று வாயை இறுக மூடினேன்.

"எழுபத்தெட்டு..."

குரல் நிற்கவில்லை.

"எழுபத்தொன்பது..."

முன்னாலிருந்து வந்தது. பெண் குரல். கயிற்றில் ஓர் அதிர்வு. எண்ணுக்கு ஒரு அதிர்வு. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

நான் நின்றேன். கயிறு விடவில்லை. இழுத்தது. கால் தானாக நடந்தது.

"தொண்ணூறு..."

"தொண்ணூற்றி அஞ்சு..."

நானும் தொண்ணூற்றைந்தில் இருந்தேன்.

"தொண்ணூற்றி எட்டு..."

"தொண்ணூற்றி ஒம்போது..."

"நூறு."

என் கை மேல் ஒரு கை வந்து விழுந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெள்ளை. கை மட்டும். தடித்த கையுறையையும் மீறி அதன் விரல்கள் தட்டுப்பட்டன.

மூன்று விரல்கள்.

எண்ணினேன். மூன்றுதான்.

"யாரு?" என்றது குரல். காதுக்குப் பக்கத்தில். மூச்சு இல்லை.

"லவான்."

"எந்த வீடு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊரில் யாரும் பொய் சொன்னதில்லை.

"ஆஸ்ட்பி" என்றேன்.

அந்தக் கை இறுகியது. என் மோதிர விரலும் சுண்டு விரலும்... அந்த இரண்டு மட்டும்... குளிர் இல்லை அது. குளிர் எனக்குத் தெரியும். இது விரலுக்குள்ளிருந்து எதையோ உறிஞ்சி எடுத்தது. கத்தினேன். சத்தம் வரவில்லை.

"அடுப்பு எரியுதா?"

"எ... எரியுது."

"இருநூறு அடி எடுத்து வெச்சா வீடுன்னான். எண்ணிட்டே வர்றேன். வந்துட்டேதான் இருக்கேன்." குரல் தேய்ந்தது. "வழி விடு பொண்ணு. குளுருது."

எனக்கு எங்கிருந்து அப்படி வந்ததோ, இன்றைக்கும் தெரியாது. என் உயிரே ஊசலாடுகிறது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகைதான் வந்தது.

"போகாதீங்க" என்றேன். "கதவு பூட்டியிருக்கு."

காற்று நின்றது. சத்தியமாக நின்றது. அத்தனை பெரிய புயல், ஊசி விழுந்தால் கேட்கும்.

"இன்னைக்குமா?" என்றது குரல்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கை என்னை இழுத்தது. நடத்திக் கூட்டிப்போகவில்லை, கன்றுக்குட்டியை இழுக்கிற மாதிரி இழுத்தது. விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். காற்று இப்போது முதுகில். எத்தனை காலடி என்று தெரியாது. நெற்றி மரத்தில் மோதியது. பலகை. கொட்டகைச் சுவர். கையில் வழவழவென்று நைலான் கயிறு.

அந்த மூன்று விரல்கள் போய்விட்டன.

கொட்டகைக் கதவு திறந்தது. ஆரின். லாந்தர். "ஏய், உனக்கென்ன பைத்தியமா? நான் நல்லாத்தானே இருக்கேன். மூணு மணிக்கும் மூணரைக்கும் அடிச்சேனே, காத்துல கேக்கலையா?" என் கைக்கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது.

வெளியே கை காட்டினேன். வீட்டுப் பக்கம் குரல் போய்க்கொண்டிருந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"என்ன?" என்றான் ஆரின். அவனுக்குக் கேட்கவில்லை. ஆனால் முப்பத்தொரு மாடுகளும் தின்பதை நிறுத்தின. எல்லாம் தலையைத் திருப்பி வீட்டுப் பக்கம் பார்த்தன.

ஆறு பத்துக்குக் காற்று கொஞ்சம் தணிந்தது. நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் வீட்டுக்குப் போனோம். தெற்குக் கதவு தள்ளியதும் திறந்தது. ஒரு சாண் பனிகூட அடைத்திருக்கவில்லை. ஆரின் அந்தக் கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தாழ்ப்பாள் விஷயத்தைக் கொட்டகையிலேயே சொல்லியிருந்தேன். அப்பா அப்படிச் செய்வாரா என்று அரை மனதாக இருந்தவன், லாந்தரைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

செல்மர் வடக்குக் கதவைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"நிறுத்தச் சொல்லுடா அவள" என்றார் திரும்பாமலே. "ரெண்டரை மணி நேரமாத் தட்டறா."

"யாருப்பா?"

"உன் பொண்டாட்டிதான். இருநூறு தட்டு தட்டுவா. நிறுத்துவா. மறுபடி ஒண்ணுலேருந்து."

"அப்பா. லவான் இங்க நிக்கறா."

அவர் திரும்பினார். ஆரின் லாந்தரை என் முகத்துக்கு நேரே உயர்த்தினான். அவர் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

தட்.

மூன்று பேரும் கேட்டோம்.

தட்.

மெதுவாக. விரல் முட்டியால்.

தட்.

ஆரின் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"திறக்காதடா" என்றார் செல்மர். ஆறு வயதுப் பிள்ளையின் குரல் அது. "தாத்தாவும் திறக்கல. விடிய விடிய இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்னாரு. சத்தம் நிக்கற வரைக்கும் திறக்கக் கூடாதுடா..."

ஆரின் திறந்தான்.

ஆள் இல்லை. காலடித் தடம் இல்லை. வளையத்தில் கயிறும் இல்லை. அந்தக் கல்லில் எப்போதும் பனி நிற்காது, காற்று வாரிக்கொண்டு போய்விடும். அன்றைக்கு இருந்தது. கதவில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு உயரம் இருக்குமோ, அவ்வளவு பனி. கதவு விலகியதும் அது சத்தமில்லாமல் உள்ளே சரிந்து செல்மரின் காலடியில் விழுந்தது.

அடுப்பு நாலடி தூரத்தில் கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பனி காலை வரைக்கும் உருகவில்லை.

செல்மர் அன்றிலிருந்து பத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். நிமோனியா. கடைசி வரை நர்சுகளிடம் கதவைத் திறந்தே வை, திறந்தே வை என்று கெஞ்சினாராம். நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு அந்த அளவுக்குப் பெரிய மனசு கிடையாது.

டாக்டர் என் கையுறையைக் கழற்றினார். கையுறை காய்ந்திருந்தது. கிழிசல் இல்லை. மூன்று விரல்கள் நல்ல சிவப்பாக இருந்தன. இரண்டு விரல்கள் அடிவரை கறுத்து, என்றைக்கோ செத்தவை போல. "ஒரே கையுறைக்குள்ள இது எப்படிம்மா?" என்று என்னையே கேட்டார். பிப்ரவரி இரண்டாம் தேதி எடுத்துவிட்டார்கள்.

மே மாதம் மண் இளகியது. ஆரின் சரியாகத் தூங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல், அண்டை வீட்டு ஆட்கள் மூன்று பேரைக் கூட்டிவந்து அந்த வாசற்கல்லைப் புரட்டினான். நாலு பேர் சேர்ந்துதான் புரட்ட முடிந்தது.

கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு. தொண்ணூற்றாறு வருடமாக ஆஸ்ட்பி வீட்டார் அத்தனை பேரும் அவள் தலைக்கு மேலே பூட்ஸைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறோம். ஆரின் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதான். அன்று சாயங்காலம் அந்தக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி ஆற்றில் போட்டான்.

எலும்புகளைப் பார்க்க வந்த ஷெரிப், இடது கையில் மூன்று விரல்தான் இருக்கிறது என்றார். "நரி கிரி எடுத்திருக்கும்" என்றும் சொன்னார். நாலு ஆள் தூக்குகிற பாறைக்கு அடியில் என்ன நரி?

கமிட்டியில் அப்போதும் முணுமுணுப்புதான். எவளோ ஒரு நாடோடியாக இருக்கலாம், கீகன்தான் என்பதற்கு என்ன சாட்சி, கடிதம் இருந்தது என்று நீதானே சொல்கிறாய், காட்டு பார்க்கலாம் என்றார்கள். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை.

ஜூன் ஆறாம் தேதி, காலை பத்தேகாலுக்கு வில்மா போன் செய்தாள். பழைய பதிவுப் புத்தகத்துக்குப் புது அட்டை போடக் கொடுத்திருந்தார்களாம். பிரித்தபோது முதுகுத்தோலுக்குள் ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

"ஏதோ கடுதாசி லவான். ஆரம்பமே இல்ல. பாதியிலேருந்து இருக்கு. கீழ பிரிஜிட் கீகன்னு கையெழுத்து. படிக்கட்டுமா?"

"படி."

அவள் படித்தாள்.

"...இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையாது. அங்கே போன முதல் குளிர்காலத்திலேயே பனியில் கறுத்துப்போய் எடுத்துவிட்டார்கள். வயது முப்பத்துநாலு. யாருக்கும் தொந்தரவு தராதவள் ஐயா. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால்கூட மெதுவாகத்தான் தட்டுவாள். திறக்கும் வரை தட்டிக்கொண்டே இருப்பாள்."

வில்மா நிறுத்தினாள். அவளுக்கும் என் கை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அந்த ஜனவரியில் எனக்கும் முப்பத்துநாலு வயது.

அந்தப் பாதிக் கடிதத்தை அப்படியே போட்டோம். புத்தகத்தில் முதல் பக்கம் அதுதான்.